என் பெயரைக் கூப்பிடாத ஊர்

கூப்பிட ஆளில்லாதவர்கள் தங்கக் கூடாத ஊர் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது, அது ஐரோப்பாவின் நடுவில், ஒரு பச்சை ஆறு மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிற மேட்டில், பழைய மதிலுக்குள்ளே, சிவப்பு ஓட்டுக் கூரைகளும் கருங்கல் பாவிய தெருக்களும் நட்டநடுவில் ஒரு மணிக்கூண்டுமாக, பார்க்க அவ்வளவு லட்சணமாக உட்கார்ந்திருக்கிறது, அதன் பெயர் வேல்ஸ்புரூக். பெயரிலேயே வேல் இருக்கிறதே, உள்ளே முருகன் கோயில் இருந்தாலும் இருக்கும் என்று பேருந்தில் வரும்போதே இவர் ஜோக் அடித்தார். இவர் என்றால் என் புருஷன் ரத்தினகுமார். நானும் சிரித்தேன், சிரிக்கத்தான் செய்வேன், எனக்கு என்ன தெரியும். அருப்புக்கோட்டையில் பிறந்து சென்னையில் வேலை பார்க்கிற அவரும், திண்டுக்கல்லில் பிறந்து அதே சென்னையில் வேலை பார்க்கிற நானும், பெரிய ஓட்டல்களெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, சின்னப் பிள்ளைகள் மாதிரி முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வருவோம் என்று கிளம்பியிருந்தோம். என் பையில் பாதி பருப்புப்பொடியும் ஊறுகாயும்தான்.

அந்த ஊரில் கதவைத் தட்டினால் உடனே திறக்கமாட்டார்கள். உள்ளே இருந்து யார் என்று கேட்பார்கள், வந்தவர் எத்தனை பேரோ அத்தனை குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்ன பெயர் சொன்னதுதான், அன்றைக்கு அந்தி மணி அடித்ததும் மணிக்கூண்டின் உச்சியிலிருந்து ஓட்டோ என்கிற மனிதர் மதிலுக்குள்ளே தங்குகிற ஒவ்வொருவரையும் அந்தப் பெயரால் கூப்பிடுவார், கூப்பிடப்பட்டவர் ஜன்னலைத் திறந்து இருக்கிறேன் என்று பதில் கொடுப்பார், பதில் கொடுத்தவர் மறுநாளும் இருப்பார். இது எதற்கு, எப்போதிருந்து என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. கொள்ளைநோய்க் காலத்தில் ஆரம்பித்தது என்று ஒருவர், முற்றுகைக் காலத்தில் என்று இன்னொருவர், அதெல்லாம் கிடக்கட்டும் சூப் ஆறுகிறது என்று மூன்றாமவர். நாங்கள் போய் நின்ற விடுதி மதிலை ஒட்டிய ஒரு மூன்று மாடி வீடு. உள்ளே இருந்து ஒரு பெண் குரல் குடும்பப் பெயர் கேட்டது. இவர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி தனக்கு வெள்ளைச்சாமி என்றார், எனக்கும் சேர்த்து அவரே ரத்தினகுமார் என்றார்.

இதில் என்ன தப்பு, சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் விமான நிலையத்தில் பாடாய்ப் படுத்துவார்கள் என்று அவர் தன் அப்பா பெயரைப் போட்டிருந்தார், கல்யாணமானதும் நான் என் புருஷன் பெயரைப் போட்டேன், ஊரே அப்படித்தான் போடுகிறது. கதவைத் திறந்தவள் ஹில்டா என்கிற அம்மாள், அகலமான தோள், கையெல்லாம் மாவு. இரண்டு பேருக்கும் வேறு வேறு குடும்பப் பெயராக இருக்கிறதே, கல்யாணம் ஆகவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இவர் விளக்கினார்: அவருடையது அவர் அப்பா பெயர், என்னுடையது அவர் பெயர். ஹில்டா கையைத் துடைத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியானால் இவள் பெயரை யார் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்துக்கொண்டே மாடி ஏறினோம்.

அன்று அந்தியில் மணி அடித்தது, ஜன்னல்கள் எல்லாம் திறந்தன, மேலே இருந்து ஓட்டோவின் குரல் ஒவ்வொரு கூரையாகத் தொட்டுக்கொண்டு வந்தது, அது கத்தல் இல்லை, பாட்டும் இல்லை, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல், அதற்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பதில் எழுந்து போனது. எங்கள் முறை வந்தபோது வெல்லைஷாமி என்று வந்தது, இவர் ஜன்னலில் தலையை நீட்டிப் பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி உள்ளேன் ஐயா என்றார். அடுத்து ரட்னகூமார் என்று வந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது, வாயில் ரொட்டி வேறு, அதனால் அதற்கும் இவரே உள்ளேன் ஐயா என்று சொல்லிவிட்டார். தெருவில் போன கிழவர் ஒருவர் தொப்பியைத் தூக்கி எங்களுக்கு வணக்கம் வைத்தார்.

மறுநாள் காலை அடுக்களைக்குப் போனால் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

நான் அவரைப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அருப்புக்கோட்டை வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கிற போட்டோதான், அதே காக்கிச் சட்டை, அதே மீசை, தோளில் துண்டு, இரண்டு கையாலும் காப்பிக் கோப்பையைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டியவர். என் கல்யாணத்துக்கு எத்தனையோ வருஷம் முன்னால் நாக்பூருக்குப் பக்கத்தில் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. இவருக்கு அப்போதுதான் புனேயில் முதல் வேலை, போய்ச் சேர்வதற்குள் உடம்பை முழுக்கத் துணியில் சுற்றியிருந்தார்கள், முகத்தை மட்டும் ஒரு நொடி விலக்கிக் காட்டினார்களாம். அந்த முகம் இப்போது கோப்பையிலிருந்து நிமிர்ந்தது. "வெள்ளைச்சாமின்னு கூப்பிட்டீகளேய்யா, வந்துட்டேன்" என்றார். இவர் வாசற்படியிலேயே நின்றார், அப்புறம் ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை. அப்பாவைப் பறிகொடுத்த மனுஷனுக்கு அப்பா திரும்பக் கிடைத்தால் பக்கத்தில் நிற்கிறவள் அழாமல் என்ன செய்வாள்.

ஹில்டா ஆச்சரியப்படவே இல்லை. பெரியவருக்குத் தலையணை ஒன்றா இரண்டா என்றுதான் கேட்டாள். ஐஸ்லாந்துக்காரர்கள் வந்தாலும் இப்படித்தான், அவர்களும் அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொள்வார்கள், ஒரு தடவை மீன்பிடிக்கிற கிழவர் ஒருவர் வந்துவிட்டார், நல்ல மனிதர், போகும்வரைக்கும் வீட்டுக் கூரையைச் செப்பனிட்டுக் கொடுத்தார் என்றாள். ரொட்டிக் கடைக்காரர், மாமாவுக்கென்று கல் மாதிரி இல்லாத மெத்தென்ற ரொட்டியைத் தனியாகச் சுட்டு அனுப்பினார். எதிர்வீட்டில் ஒரு கம்பளிக் கோட்டு கொடுத்தார்கள், அது மாமாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. சாமான் இறக்க வருகிற லாரிக்காரர்களோடு பாஷை தெரியாமலே அவர் சேர்ந்துகொண்டார், டயரை விரலால் சுண்டிப் பார்த்துக் காற்று குறைவு என்று தலையை ஆட்டினார், அவர்கள் பார்த்தால் நிஜமாகவே குறைவாக இருந்தது, அன்றிலிருந்து பகலெல்லாம் பீர்க் கடையில் அவர்களோடு சீட்டாட்டம். பாதிரியார் மட்டும் வந்து ஞாயிற்றுக்கிழமை தேவாலய பெஞ்சில் மாமாவுக்கு இடம் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு பிணம் எழுந்து வந்ததை அந்த ஊர் விருந்தாளி வந்த மாதிரி எடுத்துக்கொண்டது, மெத்தை, தலையணை, ரொட்டி, கோட்டு, அவ்வளவுதான் அவர்களுக்கு.

அந்த அமர்க்களத்தில் மேஜையில் இரண்டு தட்டுதான் வைக்கிறார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. ஏனம்மா, நான் என்ன மனுஷி இல்லையா என்று ஹில்டாவிடம் கேட்டேன், அவள் ஜன்னல் காற்றில் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு அதைச் சாத்தினாள். அன்று அந்தியில் வெல்லைஷாமி என்று குரல் வந்தது, மாமா கம்பீரமாக, இருக்கேன் என்றார். ரட்னகூமார் என்று வந்தது. நான் வாயைத் திறந்தேன். என் தொண்டைக்குள் ஒன்றுமே இல்லை, வறண்ட குழாய் மாதிரி ஒரு காற்றுகூட வரவில்லை, பக்கத்தில் நின்ற இவர் வாயிலிருந்து இருக்கேன் என்று பதில் போனது, அவர் பெயர்தானே அது, அவர்தானே சொல்வார். அப்போதுதான் எனக்கு ஹில்டா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அப்பா பெயரில் அப்பா வந்துவிட்டார். புருஷன் பெயரில் புருஷன் இருக்கிறார். இரண்டு பெயருக்கு இரண்டு ஆள் சரியாகப் போச்சு. என்னை யாரும் கூப்பிடவில்லை.

இவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மறுநாள் போட்டோக்களைப் பார்த்தோம். பாலத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிற படத்தில் கைப்பிடி மட்டும் இருந்தது, தேவாலய வாசலில் எடுத்ததில் என் பை மட்டும் தரையில் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி முன்னால் தலை சீவினால் சீப்பு தெரிந்தது, முடி கொஞ்சமாகத் தெரிந்தது, முகம் நீராவி படிந்த மாதிரி இருந்தது, துடைத்தாலும் போகவில்லை. தெருவில் ஆட்கள் நேராக என்மேல் வந்தார்கள், நான்தான் ஒதுங்கினேன். எனக்கு வாய் பெரிது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், அந்த வாயால் நான் கத்தினால் இவருக்குப் பக்கத்து அறையில் யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இந்த ஊரே வேண்டாம், கிளம்பலாம் என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். அவர் பாலத்தைத் தாண்டி அந்தக் கரையில் நின்றார். நான் நடந்தேன், நடுப்பாலம் வரைக்கும் நடந்தேன், ஆறு காலுக்குக் கீழே ஓடியது, அடுத்த அடி வைத்தபோது மணிக்கூண்டுச் சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், சுற்றிலும் புறா. திரும்ப ஓடினேன். திரும்பச் சதுக்கம். ஒவ்வொரு தடவையும் நடுப்பாலத்திலிருந்து பார்த்தேன், அக்கரையில் இவர் என்னைத் தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் யாரைத் தேடுகிறோம் என்கிற குழப்பமும் கொஞ்சம் இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது.

அப்புறம்தான் இவர் ஓட்டோவிடம் போனார், நானும் பின்னாலேயே போனேன். ஓட்டோ நல்ல மனிதர், நீளமான கழுத்து, பகலெல்லாம் தொண்டையைக் காப்பாற்றக் கம்பளி சுற்றியிருப்பார். பொறுமையாகக் கேட்டார். கொடுத்த அழைப்பைத் தானாக மாற்ற அவருக்கு உரிமை இல்லையாம், புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் முடியாதாம், ஒருவருடைய அழைப்பை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் அதற்குப் பதில் கொடுத்தவரே மணிக்கூண்டின் அடியில் வந்து நின்று தன் வாயால் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். விட்டுக்கொடுத்தவர் வந்த இடத்துக்குத் திரும்பிவிடுவார். உங்களுக்கு இருப்பது இரண்டு அழைப்பு, ஒன்று உங்களிடம், ஒன்று உங்கள் அப்பாவிடம், வீட்டுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் இருமல் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். கூப்பிடாதவர்கள் என்ன ஆவார்கள் என்று இவர் கேட்டார். சுவரோரம் இருப்பார்கள், சூப் வைக்கிறோமே என்றார் ஓட்டோ, அதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு ஜன்னல் விளிம்பிலும் வெளிப்பக்கம் ஒரு கிண்ணம் இருக்கும். வந்த அன்றே பார்த்தேன், பூனைக்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஊரில் பூனையே இல்லை.

பேசிக்கொள்ளுங்கள் என்றால் என்ன பேசுவது? செத்துப்போன அப்பா திரும்பி வந்து பீர்க் கடையில் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அப்பா, நீங்கள் மறுபடியும் செத்துப்போங்கள் என்று எந்த மகன் கேட்பான்? இவர் கேட்கத்தான் போனார், பாவம், திரும்பத் திரும்பப் போனார். ஒரு தடவை திரும்பி வந்து அப்பா சாப்பிடுகிறார் என்றார். இன்னொரு தடவை அப்பா தூங்குகிறார் என்றார். இன்னொரு தடவை அப்பாவுக்கு இன்று சீட்டில் நல்ல கை, சந்தோஷமாக இருக்கிறார், நாளைக்குக் கேட்கிறேன் என்றார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன், இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்தேன், என் விரல் அவருக்குக் குளிர்ந்த காற்றாகத்தான் பட்டிருக்க வேண்டும், காலரை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு நாள்மா" என்றார், என்னைப் பார்த்து இல்லை, என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்து. "அவரோட உக்காந்து ஒரு வேளை நிதானமா சாப்பிட்டதில்ல நான். எப்பவும் வண்டியில இருப்பாரு. உனக்குப் புரியும்ல?"

"புரியுது. நான் போய்க்கிட்டே இருக்கேங்க. அது உங்களுக்குப் புரியுதா?"

"என்ன?" என்றார்.

அதற்கு மேல் அவரிடம் எனக்குக் கோபம்கூட வரவில்லை. பயம் ஒன்றுதான் இருந்தது, அது எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் அன்று கட்டிலின் நடுவில் கையைக் காலை நீட்டிப் படுத்தார், தனியாகப் படுக்கிறவர் படுக்கிற மாதிரி.

எனக்குப் பசித்தது. இரண்டு நாளாகத் தட்டு வைக்காத மேஜையில் நான் எடுத்தால் ரொட்டி கையில் நிற்கவில்லை, பருப்புப்பொடி டப்பாவின் மூடிகூட என் விரலுக்குத் திறக்கவில்லை. மத்தியான வெயிலில் ஆற்றங்கரை மதிலோரமாகப் போனேன், ஒரு ஜன்னலில் சூப் ஆவி பறந்துகொண்டிருந்தது, அந்தக் கிண்ணம் மட்டும் என் கைக்குக் கனமாக, சூடாக, நிஜமாக இருந்தது. தூக்கினேன். அப்போதுதான் என் இரண்டு பக்கமும் அவர்கள் நிற்பது தெரிந்தது. சுவரின் நிறத்திலேயே இருந்தார்கள், ஈரம் படிந்த சுவரில் ஆள் உருவம் தெரியுமே அந்த மாதிரி, ஆணா பெண்ணா தெரியவில்லை, வரிசையாக ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று குனிந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள், எனக்கு இடம்விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். அந்த மரியாதையில் எனக்கு உயிரே போய்விட்டது.

"அதைக் குடிக்காதத்தா. குடிச்சா அங்கிட்டே பழகிரும்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

மாமா நின்றார், கம்பளிக் கோட்டும் தோளில் துண்டுமாக. என்னை நேராகப் பார்த்தார், என் கண்ணைப் பார்த்தார். அந்த ஊரில் என்னைப் பார்க்க முடிந்தது அவர் ஒருவரால்தான், அவர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் இல்லையா. வந்த நாளிலிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், மருமகளிடம் முதலில் என்ன பேசுவது என்று தெரியாமல் பேசாமல் இருந்தாராம். நான் கிண்ணத்தை வைத்துவிட்டேன். சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை, உள்ளதை அப்படியே சொன்னேன், ஓட்டோ சொன்னது, பாலத்தில் நடந்தது, இவர் கேட்க வந்து கேட்காமல் திரும்பியது எல்லாம். மாமா மதிலில் உட்கார்ந்தார். தெரியும்த்தா என்றார், மகன் கேட்க வரும்போதெல்லாம் அவருக்குத் தெரியுமாம், அதனால்தான் சீட்டில் குனிந்துகொண்டாராம், தூங்குகிற மாதிரி கிடந்தாராம். அவருக்கு அங்கே திரும்பிப் போகப் பயமாம். இவ்வளவு பெரிய மீசை வைத்துக்கொண்டு, ராத்திரி பகல் பார்க்காமல் தேசம் முழுக்க லாரி ஓட்டிய மனுஷன், குழந்தை மாதிரி எனக்குப் பயமா இருக்குத்தா என்றார்.

அங்கே என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, நான்தானே போய்க்கொண்டிருக்கிறேன்.

"ஒண்ணுமில்ல. இருட்டுன்னு சொல்லக்கூட ஒண்ணுமில்ல. யாரும் கூப்பிட மாட்டாக, அம்புட்டுத்தான். ஆனா எப்பயாச்சும் ஒரு சத்தம் வரும். வெ-ன்னு வரும். உடனே எந்திரிச்சு நிப்பேன். மேக்கொண்டு வராது. யாரோ கூப்பிட வந்துட்டு, வேணாம்னு பாதியில விட்டுட்டுப் போன மாதிரி." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அதுதாந்த்தா தாங்க முடியாது. கூப்பிடாமலே இருந்தாக்கூடப் பரவால்ல."

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா, உங்கள் மகன் எப்படிக் கையெழுத்துப் போடுவார் தெரியுமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது, எப்போதும் வண்டியிலேயே இருந்தவர் மகன் கையெழுத்துப் போட்டுப் பார்த்ததே இல்லை. நான் சொன்னேன். பேங்க்கில், ஆபீசில், வாடகைப் பத்திரத்தில், எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்த அன்று, எங்கே போட்டாலும் தமிழில்தான் போடுவார், முதலில் வெ எழுதி ஒரு புள்ளி வைப்பார், புள்ளி வைத்துவிட்டு ஒரு நொடி பேனாவை நிறுத்துவார், அப்புறம்தான் தன் பெயரை எழுதுவார். நான்கூடக் கேலி செய்திருக்கிறேன், இனிஷியலுக்கு என்ன இவ்வளவு பவ்வியம் என்று.

"அது பாதியில விட்ட கூப்பாடு இல்ல மாமா. அவரு தன்னைச் சொல்றதுக்கு முன்னாடி உங்களைக் கூப்பிட்டுட்டுத்தான் சொல்றாரு. உங்களுக்கு இப்ப அவ்வளவுதான் பேரு. ஆனா அது முழுசா உங்க பேருதான்."

மாமா என் பக்கம் திரும்பினார். "நாந்தானா அது" என்றார். "எத்தனை தடவ வந்துச்சு தெரியுமா. நானா நானான்னு எந்திரிச்சு எந்திரிச்சு நிப்பேன்." அழுதார், சிரித்தார், மீசை எல்லாம் ஈரமானது. நானும் அழுதேன், என் கண்ணீர் கல்லில் விழுந்து கல் நனையவில்லை. பிறகு அவர் எழுந்து கோட்டைக் கழற்றி மடித்து மதில்மேல் வைத்தார், எதிர்வீட்டுக்காரர்களுடையது, கொடுத்துவிடு என்றார். அப்புறம் என்னவோ நினைவு வந்த மாதிரித் திரும்பினார்.

"ஒம் பேரு என்னத்தா?"

அங்கயற்கண்ணி என்றேன். ஆபீசில் ஆஞ்சி, வீட்டில் கண்ணு, இவருக்கு இந்தா, ஏய், கேட்டியா. முழுப் பெயரை நானே சொல்லிப் பல வருஷமாகியிருந்தது. மாமா வாய்க்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மீனாச்சி பேரு, நல்லா கூப்பிடுற மாதிரி பேரு என்றார்.

அந்தி மணிக்கு முன்னால் மணிக்கூண்டின் அடியில் போய் நின்றோம். ஓட்டோவுக்கு என்னைத் தெரியவில்லை, மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மொழி தேவைப்படவில்லை, கிழவர் ஒருவர் தொப்பியில்லாமல் வந்து நெஞ்சைத் தொட்டுக்காட்டிக் கையை விரித்தால் என்ன அர்த்தம் என்று ஓட்டோவுக்குத் தெரிந்திருந்தது. சீட்டாடுகிற லாரிக்காரர்கள் கடையிலிருந்து இறங்கி வந்து நின்றார்கள். ஹில்டா ஏப்ரனோடு வந்தாள். மாமா என் பெயரை ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக்கொடுத்தார், ஓட்டோ கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னார், மூன்றாம் தடவை நாலாம் தடவை சரியாக வந்தது. அப்புறம் மாமா இன்னொன்று கேட்டார். தன் பிள்ளை பெயருக்கு முன்னால் வெ என்று ஒரு சத்தம், அதற்கடுத்து ஒரு சின்ன நிறுத்தம். அழைப்பில் எதையும் சேர்க்க முடியாதே என்று ஓட்டோ கையை ஆட்டினார். மாமா ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து இத்தனூண்டு என்று காட்டினார். ஓட்டோ ஹில்டாவைப் பார்த்தார், ஹில்டா போகட்டும் என்கிற மாதிரித் தலையை அசைத்தாள். எனக்கு இவரைக் கூப்பிட்டுக்கொண்டு வர வேண்டும் போல இருந்தது. மாமா வேண்டாம் என்றார். அவன் வந்தா நான் போக மாட்டேன்த்தா என்றார்.

இவர் மாடி ஜன்னலில் நின்றார், அப்பா இன்னும் கடையிலிருந்து வரவில்லையே என்று தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டு. மணி அடித்தது. ஜன்னல்கள் திறந்தன. குரல் கூரை கூரையாக வந்தது, ஓட்டோ பிழையாகச் சொல்லிவிட்டால், நடுவில் இருமல் வந்துவிட்டால், என் பெயரில் ஒரு எழுத்து விழுந்து யாரோ ஒருத்தி வந்துவிட்டால் என்று மனசு அடித்துக்கொண்டது. அங்கயற்கண்ணி என்று வந்தது. மதில் முழுக்க, ஆறு முழுக்க வந்தது. இருக்கேன் என்று நான் கத்திய கத்தலில் சதுக்கத்துப் புறாவெல்லாம் எழுந்தது, ஹில்டா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, ஐயோ நீ சாப்பிடவே இல்லையே என்றாள். வெ என்று வந்தது. என் பக்கத்தில் நின்ற மாமா முகத்தை நிமிர்த்திக் கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார், யாரோ கூப்பிட்டால் திரும்புகிறவர் மாதிரிப் பாதி திரும்பினார். சின்ன நிறுத்தம். ரட்னகூமார் என்று வந்தபோது அங்கே கல் மட்டும் இருந்தது.

மாடியிலிருந்து பதில் வரவில்லை. நான் படியேறி ஓடினேன். இவர் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஓட்டோ இரண்டாம் தடவை கூப்பிட்டார், அதற்கப்புறம்தான் இருக்கேன் என்று சின்னதாகச் சொன்னார். திரும்பி என்னைப் பார்த்தார், தெளிவாகப் பார்த்தார், பார்த்து, "நீயா அனுப்புன?" என்றார்.

நான் திரும்பி வந்த பிறகு என் புருஷன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. ஆமா என்றேன். எனக்கு வலித்தது, நான் மறைக்கவில்லை, கட்டில்மேல் உட்கார்ந்து என்னால் முடிந்த மட்டும் அழுதேன், நீங்க என்னைத் தேடவே இல்ல என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அவர் பக்கத்தில் வந்து உட்காரவில்லை, எழுந்து போகவும் இல்லை. ஹில்டா இரண்டு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். மூன்றாவது நாற்காலியை அவளாகவே ஓசையில்லாமல் எடுத்துக்கொண்டு போனாள். மாமா என்னிடம் சொன்னதை எல்லாம் நான் ஒன்றுவிடாமல் இவரிடம் சொன்னேன், இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார், நம்பினாரா என்று தெரியவில்லை.

விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு வந்தோம். இவர் முன்னால், நான் பின்னால். நடுப்பாலம் வந்ததும் எனக்குக் கால் நகரவில்லை. ஆறு கீழே ஓடியது. அடுத்த அடி என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாது, முன்னால் போகிற முதுகு என்னை மறந்துவிட்டுப் போகிறதா என்றும் தெரியாது, அது திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தது. ஏங்க என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அக்கரையை எட்டப் போகிற நேரத்தில், வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, "வெ. ரத்தினகுமார்" என்று கத்தினேன், புள்ளி வைத்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தித்தான் கத்தினேன்.

புள்ளியிலேயே அவர் நின்றுவிட்டார். கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு பாதி திரும்பினார், மிச்சப் பெயர் வந்ததும் முழுக்கத் திரும்பினார், திரும்பிப் பாலத்தில் எனக்காக நடந்து வந்தார்.